வசுமதி வருகிற நேரம்

மூடியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்கிறார். பிறகுதான் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குனிகிறார். பச்சை வாளிக்குள் பூசணித் தோல், ஊறின தேயிலை, முட்டை ஓடு, முந்தின இரவு சாப்பிட்ட மீனின் முள். இடுக்கியால் முள்ளை ஒரு புரட்டுப் புரட்டி, "இலிஷ் வந்தாச்சா? மழையே இன்னும் சரியா பிடிக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். வாளியின் சொந்தக்காரர் தத்தா பாபு, மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்தவர், பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கும் பையனாகக் கதவோரம் நிற்கிறார். நீல வாளியில் காகிதமும் பிளாஸ்டிக்கும் காய்ந்து, சுத்தமாகக் கிடக்கின்றன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. வசுமதி இடுப்புப் பையிலிருந்து பச்சை ரிப்பன் ஒன்றை எடுத்துக் கதவுப்பிடியில் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார். தத்தா பாபுவுக்கு மூச்சு வருகிறது.

வெங்காயம்கூட நுழையாத அடுப்படியில் வளர்ந்த ஐயங்கார் வீட்டுப் பெண் இவர். இன்றைக்கு முள்ளைப் பார்த்தே எந்த மீன், ரூயா, காத்லாவா, இலிஷா என்று சொல்லிவிடுவார். நாக்கில் பட்டதில்லை. "ஆசாரம் நாக்குக்குத்தான், கண்ணுக்கு என்ன?" என்பது அவர் கட்சி.

ஜாதவ்பூரில் ரயில் பாதைக்குப் பின்புறம், அரசு, வங்கி ஊழியர்கள் சிலர் கூட்டுறவாகச் சேர்ந்து கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. மூன்று பிளாக், நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. வங்காளிகள்தான் அதிகம், நடுநடுவே தமிழ்க் குடும்பங்கள். வசுமதி கல்கத்தாவிலேயே பிறந்தவர். கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுவாரமே குடியிருப்பின் பின்னால் மலைபோல் கிடந்த குப்பையைப் பார்த்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். மக்குகிற குப்பைக்குப் பச்சை வாளி, மக்காத குப்பைக்கு நீல வாளி என்பது மாநகராட்சி சொன்னது. அதை வீட்டுக்கு வீடு நடத்திக் காட்டியது வசுமதி. பிளாக்குப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஜொஞ்ஜால் மாஷிமா', அதாவது குப்பைச் சித்தி. காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பிப் பார்த்து, "சித்தின்னு கூப்பிட்டியோல்லியோ, சித்தி சொல்றதைக் கேளு, அந்த சிப்ஸ் கவரைக் கீழ போடாதே" என்பார்.

மாடிப்படிக்கு அடியில் பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அது வசுமதியின் சொந்தக் கண்டுபிடிப்பு. தீர்ந்த பேட்டரி, எரிந்துபோன பல்பு, உடைந்த ஜுரமானி, காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி எல்லாம் அதற்குள்தான் போகவேண்டும். ஊசியை வெறுமனே போடக்கூடாது. சலவைத் திரவம் வந்த கெட்டிப் புட்டியில் போட்டு மூடியை இறுக்கித் திருகித்தான் கொடுக்கவேண்டும். பெட்டி நிரம்பியதும் அபாயக் குப்பை எடுக்கிற வண்டி வந்து வாங்கிப்போகும். "குப்பைன்னா நாத்தம்னு நெனச்சுண்டிருக்கா எல்லாரும். நாத்தம் அடிக்கறது ஒண்ணும் பண்ணாது, மண்ணோட மண்ணாப் போயிடும். நாத்தமே அடிக்காத குப்பைதான் ஆளை முழுங்கும்" என்று புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தமிழிலும் வங்காளியிலும் சொல்லுவார்.

சரியாகப் பிரித்த வீட்டுக்குப் பச்சை ரிப்பன். தப்பாகப் போட்டால் கதவில் சிவப்பு அட்டை தொங்கும். அன்று முழுவதும் அதை எடுக்கக்கூடாது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கவேண்டும். தாட்சண்யம் கிடையாது. முகச்சவர பிளேடைக் காகிதத்தில் சுற்றாமல் போட்டதற்காக வசுமதி தன் வீட்டுக் கதவிலேயே ஒருநாள் அட்டையைத் தொங்கவிட்டார். "எங்காத்துல காப்பி வர லேட்டானாலும் ஆகும், கார்டு டயத்துக்கு வந்துடும்" என்று அவர் கணவர் பார்த்தசாரதி படியில் ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அட்டைகளைக் கத்தரித்துக் கொடுத்தவர் சாவித்ரி. பி பிளாக் இரண்டாவது மாடி. வங்கி அதிகாரியாக இருந்த மஹாதேவனைக் கைப்பிடித்து இந்த ஊருக்கு வந்தபோது வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாது. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ விலையைச் சைகையில் கேட்டுக்கொண்டிருந்த புதுப்பெண்ணைப் பக்கத்தில் நின்ற வசுமதி பார்த்துச் சிரித்தார். அன்று தொடங்கிய சிநேகிதம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'டி' போடாமல் பேசியதில்லை.

கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போட நம்மவர்களுக்குக் கை வராது. முகப்பில் பிள்ளையார், மூலையில் மஞ்சள். எத்தனையோ வருஷத்துப் பத்திரிகைகள் எல்லாத் தமிழ் வீட்டுப் பரண்களிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சிவப்பு அட்டைக்கு அவற்றையே எடுத்துக்கொள்ளலாம் என்றது சாவித்ரிதான். பிள்ளையாரைத் தனியாக, மணமக்கள் பெயரைத் தனியாக வெட்டி உறையில் பத்திரப்படுத்திவிட்டு மிச்சத்தைத்தான் அட்டையாக்குவார். "திட்டற கார்டுல சாமி இருக்கப்படாதுடி வசு. கல்யாணம் ஆனவா பேரும் வேண்டாம், பாவம், எங்கேயோ நன்னா இருக்கட்டும்" என்பார்.

திட்டம் ஓடியதற்குச் சாவித்ரியின் இன்னொரு வேலையும் காரணம். வசுமதி நாலாவது மாடியில் தொடங்கி ஒவ்வொரு வீடாக இறங்கி வருவதற்குள் சாவித்ரி கீழ்மாடிகளில் ஒரு நடை போய்வந்துவிடுவார். நீல வாளியில் வாழைப்பழத் தோல் தெரிந்தால் எடுத்துப் பச்சையில் போடுவார். பச்சை வாளிக்குள் பேட்டரி கிடந்தால் எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சிவப்புப் பெட்டிக்குக் கொண்டுபோவார். "வசு ஆஷ்பே, பொக்பே" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் அந்த வீட்டுக்காரியின் காதில் சொல்லுவார். வசு வருவா, திட்டுவா என்று அர்த்தம். மேல்படியிலிருந்து வசுமதிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் இறங்குவார். அந்தக் கள்ளத்தனம் இல்லாவிட்டால் பாதி பிளாக்கு தன்னை விரோதித்துக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வாளியைப் பார்த்தால் வீடு தெரியும் என்று வசுமதிக்கு ஒரு பெருமை உண்டு. எந்த வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை, யார் விரதம், யார் ரகசியமாகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறார், எந்த வீட்டு மருமகளுக்கு மாங்காய் ஆசை வந்திருக்கிறது, எல்லாம் அவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வெளியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். "வாளியில பாத்தது வாளியோட போகணும்." இப்படி ஊரார் வாளியையெல்லாம் படித்தவர், படிக்கவேண்டிய ஒரு வாளியைப் படிக்காமல் விட்டுவிட்டார். அதை நினைக்காமல் அவருக்கு இப்போது ஒரு பொழுதும் விடிவதில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் சாவித்ரியின் நீல வாளியில் தேயிலை கிடந்தது. வசுமதி எடுத்து மாற்றிப் போட்டுவிட்டு, "என்னடி, தூக்கமா?" என்றார். அப்புறம் பிரிக்காத பால் பாக்கெட் ஒன்று. அப்புறம் அப்போதுதான் வாங்கிய கத்தரிக்காய் முழுசாக. ஒருநாள் பச்சை வாளி நிறைய சாம்பார். மறுநாளும் அதே சாம்பார். பத்திரிகை உறையில் வைத்திருந்த பிள்ளையார்களெல்லாம் ஒருநாள் காய்கறித் தோலோடு கலந்து கிடந்தார்கள். வேறு யார் வீடாக இருந்தாலும் வசுமதிக்கு உறைத்திருக்கும். சாவித்ரி என்பதால் வேறு மாதிரி உறைத்தது. சிநேகிதிதானே, என்ன செய்துவிடுவாள் என்ற அலட்சியம் என்று நினைத்தார். ஒரு காலையில் சாவித்ரி கத்தரித்த அட்டையையே சாவித்ரியின் கதவில் தொங்கவிட்டார்.

மாஷிமா தன் உயிர்த்தோழியையும் விடவில்லை என்று பிளாக்கு முழுவதும் பேச்சு. அந்த வாரம் ஒரு வீட்டிலும் ஒரு தோல் இடம் மாறி விழவில்லை. தத்தா பாபு படியில் நிறுத்தி, இப்படி ஒருவர் நாட்டை ஆண்டால் எப்படி இருக்கும் என்று கைகுலுக்கினார். வசுமதிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை இன்று நினைத்தால் அவருக்கு உடம்பு கூசுகிறது.

துர்கா பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அது நடந்தது. விசிலை ஊதிக்கொண்டு வண்டியோடு வரும் மாநகராட்சித் தொழிலாளி நிமாய், சாவித்ரியின் பச்சை வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைக் கையால் வழித்தான். ஊசி விரலில் ஏறிவிட்டது. மஹாதேவனுக்குப் போடுகிற இன்சுலின் ஊசி. "கிச்சு ஹொயெனி மாஷிமா", ஒன்றும் ஆகவில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, வசுமதி அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ரத்தம் எடுத்தார்கள். சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லமுடியும் என்றார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் நிமாயின் மனைவி குடியிருப்பின் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த வசுமதிக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

பூஜைக் கமிட்டி கூடுகிற கூடத்தில் எல்லாரையும் கூட்டினார். நிமாயும் மூலையில் நின்றான். வங்காளியில் ஆரம்பித்த பேச்சு, சாவித்ரியைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டது.

"ஊசியை எதுக்குடி பச்சை வாளியில போட்டே?"

"நான் போடலை வசு."

"இந்த பிளாக்குல ஊசி குத்திக்கறது உங்காத்துல மட்டும்தான்."

"தெரியும். ஆனா நான் போடலை."

"பொய் சொல்லாதே சாவித்ரி. பண்ணினது தப்பு. எல்லார் எதிர்க்கயும் பொய் சொல்றது அதைவிடத் தப்பு. அவன்கிட்ட மன்னிப்புக் கேளு."

சாவித்ரி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உற்றுப் பார்த்தார். அவற்றைக் கேட்டால் உண்மை தெரியும் என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் நிமாயைக் கைகூப்பிக் கும்பிட்டு, தன் உடைந்த வங்காளியில் மன்னிக்கச் சொன்னார். நிமாய் வெலவெலத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தான். மஹாதேவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாதவர்களுக்குக்கூட நடந்தது புரிந்தது.

காளி பூஜை கழிந்து ஒரு காலை, மஹாதேவன் இரண்டு வாளிகளையும் தாமே தூக்கிக்கொண்டு, வசுமதி வாளி பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது மாடி வரை ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு நிமிரவில்லை.

"கதவைத் திறக்க மாட்டேங்கறா வசுமதி. விசில் சத்தம் கேட்டா பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறா."

"என்மேல அவ்வளவு கோபமா?"

"கோபம் இல்லை. டாக்டர்ட்ட காட்டியாச்சு. மறதி வியாதி. ஆரம்பிச்சு நாளாயிடுத்தாம். ஊசியை அவதான் போட்டிருப்பா. ஆனா போட்டது அவளுக்குத் தெரியாது. பொய் சொல்லலை, வசுமதி." வாளியின் பிடியைப் பார்த்தபடியே, "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். நாலு பேருக்குத் தெரிஞ்சா அவளுக்கு அவமானமா இருக்குமேன்னு வாயை மூடிண்டு உக்காந்திருந்தேன். அவமானத்தைத்தான் நாம ரெண்டு பேருமா சேர்ந்து குடுத்துட்டோம்" என்றார்.

வசுமதி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தேயிலை, பால் பாக்கெட், இரண்டு நாள் சாம்பார், தோலோடு கிடந்த பிள்ளையார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சாவித்ரி மாதக்கணக்கில் தன் வாளியில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததற்கு, தான் போட்ட மதிப்பெண் ஒரு சிவப்பு அட்டை என்று தோன்றியது. அன்று அவர் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை.

அட்டையை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அட்டையால்தானே ஒழுங்கு வந்தது என்றார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஆட்கள் வந்து அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்; அங்கேயும் தொங்கவிடப் போகிறார்களாம். வேண்டாம் என்று வசுமதி சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது அட்டை தொங்கவிடுகிற வேலை கமிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சுப்ரியாவிடம். வசுமதியின் இடுப்புப் பையில் ரிப்பன் மட்டும்தான். ஒரு வழக்கத்தையும் மாற்றிக்கொண்டார். நாலாவது மாடியில் தொடங்குவதில்லை. சுப்ரியா கிளம்புவதற்குள் பி பிளாக் இரண்டாவது மாடியில் சாவித்ரி வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஊசிகளை மஹாதேவன் இப்போது அலமாரியில் பூட்டி வைக்கிறார். கதவைத் திறக்க மட்டும் சாவித்ரியைப் பழக்கியாயிற்று. சில நாள் வசுமதியை அடையாளம் தெரியும். பல நாள் தெரியாது. ஆனால் தெரிந்த நாளிலும் தெரியாத நாளிலும், வாளியை நோக்கி யார் குனிந்தாலும் சாவித்ரியின் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வரிதான்: "நான் போடலை." உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். வாழைப்பூ மறந்துவிட்டது, லேக் மார்க்கெட் மறந்துவிட்டது, இத்தனை வருஷச் சிரிப்பும் 'டி'யும் மறந்துவிட்டன. தான் கொடுத்த அந்தக் காயம் மட்டும் ஏன் மறக்கவில்லை என்று வசுமதி கேட்காத தெய்வம் இல்லை.

அந்த வரியை அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டால் போதும், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று இருக்கிறது அவருக்கு. "மன்னிச்சுக்கோடி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதுபார்த்தார். எதற்கு என்று சாவித்ரிக்குத் தெரியவில்லை. யாரோ மாமி அழுகிறாளே என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கையுறையையும் இடுப்புப் பையையும் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். விசில் ஊதுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தார். கதவுப்பிடியில் தினம் ரிப்பன் கட்டினார். எதற்கும் அந்த வரி அசையவில்லை. பார்த்தசாரதிகூட, "விடு வசு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிப் பார்த்தார். "தெரியாட்டா ஏன்னா பயப்படறா?" என்று வசுமதி திருப்பிக் கேட்டார்.

இன்று காலை மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மஹாதேவன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். சாவித்ரி கதவைத் திறந்து பச்சை வாளியை வாசலில் வைத்தார். மேலாகவே, பீர்க்கங்காய்த் தோலின்மேல், டிவி ரிமோட்டின் பேட்டரி இரண்டு பளபளத்தன. வசுமதியின் கண் அங்கே போனதைச் சாவித்ரியின் கண் பார்த்துவிட்டது. முகம் வெளுத்தது. கைகள் தாமாக விரிந்தன.

"நான் போடலை. சத்தியமா நான் போடலை."

"நீ போடலைடி" என்றார் வசுமதி. அடுத்த வார்த்தை அவர் யோசித்து வந்ததில்லை. "நான்தான் போட்டேன்."

சாவித்ரியின் கைகள் அப்படியே நின்றன.

"நீங்களா?"

"ஆமா. நான்தான். தெரியாம போட்டுட்டேன்."

சாவித்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்திலிருந்த பயம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் கவலை வந்தது. பழைய சாவித்ரியின் கவலை. மாடிப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஐயோ, சத்தம் போடாதீங்கோ. வசு வர நேரம். பாத்தான்னா திட்டித் தீத்துடுவா. நீங்க பயப்படாதீங்கோ மாமி, இங்க குடுங்கோ, அவளுக்குத் தெரியாம நான் பாத்துக்கறேன்."

பேட்டரி இரண்டையும் தோலுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுத்தார். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து, அவற்றை அதற்குள் வைத்துச் சுருட்டி, மாடிப்படியைப் பார்த்தபடியே தன் வயிற்றோடு சேர்த்து மறைத்துக்கொண்டார்.